இசைப்பெட்டியும் இறைநம்பிக்கையும்

(சங்கத்தின் வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விழாக் குழுவினர் என் இல்லம் தேடி வந்து, "ஐயா, தங்களுக்கு அரை மணி நேரம் ஒதுக்கியிருக்கிறோம், பொருள் தங்கள் விருப்பம்" என்றார்கள். கல்வியின் மேன்மை பற்றியும் ஒற்றுமையின் இன்றியமையாமை பற்றியும் பேசுதற்கு என்னினும் தகுதி வாய்ந்தோர் இம்மேடையில் இருக்கிறார்கள். நான் பள்ளி ஆசிரியனாய் வாழ்நாளைக் கழித்தவன். ஆர்மோனியம் வாசிப்பதில் தீராத வேட்கை உடையவன். மேடையின் ஓரத்தில் துணி போர்த்தி வைத்திருக்கிறதே, அந்தப் பெட்டியைப் பற்றியும், அதன் பொருட்டுக் கிறிஸ்தவ மக்கள் தமக்குள் நடத்திய நெடிய வழக்கைப் பற்றியும் சில சொல்ல விரும்புகிறேன். நம் சங்கத்தில் கிறிஸ்தவர் உண்டு. பௌத்தம் தழுவியோர் உண்டு. ஊர்த் தெய்வத்தை வணங்குவோர் உண்டு. எதனையும் வணங்காதோரும் உண்டு. எவருடைய நம்பிக்கையையும் அசைப்பது என் நோக்கமன்று. ஆனால் நம்பிக்கையாளர் தமக்குள் வாதிடும்போது எதனைப் பெரிதெனக் கொண்டார்கள், எதனைக் கண்டும் காணாது விட்டார்கள் என்பதை அறிதல் எல்லோருக்கும் பயன்படும்.

முதலில் பெட்டியைப் பார்ப்போம். இதன் உயிர் ஒரு பித்தளை நாக்கு. நீள்சதுரத் துளை ஒன்றின் மேல் ஒருமுனை மட்டும் அறையப்பட்டு, மறுமுனை துளைக்குள் தடையின்றிப் போய்வருமாறு அது பொருத்தப்பட்டிருக்கிறது. துருத்தியின் காற்று அதன் வழியே செல்லும்போது நாக்கு அதிர்ந்து ஒலிக்கிறது. நுனியைச் சிறிது சுரண்டினால் சுருதி ஏறும். அடியைச் சுரண்டினால் இறங்கும். இவ்வளவே சூட்சுமம். இந்தத் தத்துவம் சீன தேசத்து ஷெங் என்னும் வாத்தியத்தில் பழங்காலந்தொட்டே இருந்தது. அதனை ஐரோப்பியர் கற்று, பலரும் பலவாறு செய்து பார்த்த பின், 1842-இல் பாரீஸ் நகரத்துத் தெபேன் என்பார் தாம் செய்த கருவிக்குக் காப்புரிமை பெற்று, ஆர்மோனியம் என்று பெயரிட்டார். அமெரிக்கர் காற்றை வெளியே ஊதுவதற்கு மாறாக உள்ளே உறிஞ்சும் முறையை மேற்கொண்டனர். அவர்களுடைய சிறிய வகைக் கருவிக்கு மெலோடியன் என்று பெயர். பார்வைக்குச் சிறு மேசை போல இருக்கும், கீழே மிதிகட்டை. அதனின்று வளர்ந்த ரீடு ஆர்கன்களை வெர்மாண்ட் மாநிலத்து எஸ்டி கம்பெனி மட்டும் 5 லட்சத்துக்கு மேல் செய்து விற்றதென்றால், அவை எத்தனை வீடுகளுக்கும் சிற்றாலயங்களுக்கும் சென்றிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். குழல்கள் வரிசையாய் நிற்கும் பேரார்கன் செல்வம் படைத்த பேராலயங்களுக்கே எட்டும். ஏழைச் சபைக்கு எட்டியது இந்தப் பெட்டி. நம் நாட்டில் கல்கத்தாவின் துவார்க்கின் கம்பெனியார் இதனைத் தரையில் அமர்ந்து ஒரு கையால் துருத்தி அசைத்து மறு கையால் வாசிக்கும்படி அமைத்தார்கள். அது நாடகக் கொட்டகைக்கும் பஜனை மடத்துக்கும் கிராமத்துச் சபைக்கும் பரவியது.

நான் இதனைக் கற்றதும் இதன் வழக்குகளை அறிந்ததும் ஒரு சிறு நண்பர் குழுவில்தான். 1980-களின் தொடக்கத்தில் எங்கள் ஊரில் நால்வர் வாரம் ஒருமுறை கூடுவோம். நால்வருக்குமாக மூன்று பெட்டிகள். ஒன்று நகரத்து ஆலயத்தில் வாசிப்பவருடைய கால்மிதிப் பெட்டி. அதைத் தூக்க இயலாதாகையால் நாங்களே அவர் வீட்டுக்குச் செல்வோம். மற்ற இரண்டும் கைப்பெட்டிகள். இந்த வாரம் உங்கள் வீடு, அடுத்த வாரம் என் வீடு என்று முறை வைத்துப் புழங்கின. எலி கடித்த துருத்திக்கு ஆட்டுத்தோல் ஒட்டவும், வஜ்ஜிரம் காய்ச்சவும், ரீடு சுரண்டவும் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் நாடகக் கம்பெனிகளில் வாசித்துத் தளர்ந்த இஸ்லாமியப் பெரியவர். நான்காமவர் தபால் இலாகா ஊழியர். அவரே இந்த உரைக்குக் காரணமானவர். அண்ணன் என்றே அவரை அழைப்போம். அவருடைய சபையில் இசைக்கருவிக்கு இடமே கிடையாது. வாயால் மட்டுமே பாடுவார்கள், அதுவும் நான்கு குரலில், வெகு நேர்த்தியாக. எங்களோடு அமர்ந்து ஆசையோடு ஆர்மோனியம் வாசிப்பவர், ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அதைத் தொடமாட்டார்!

"இது என்ன நியாயம் அண்ணே? வெள்ளிக்கிழமை நல்லதாக இருந்த பெட்டி ஞாயிற்றுக்கிழமை கெட்டுவிடுமா?" என்று ஆலயத்து நண்பர் சீண்டுவார். வாதம் இரவு பத்து மணி வரை நடக்கும். பெரியவர் மட்டும் சிரித்துக்கொண்டே, "தம்பிகளா, எனக்கு ஐந்து வேளையும் கருவி இல்லாமல்தான் தொழுகை. ஆனால் இந்த வயிற்றை வளர்த்தது கருவிதான். இரண்டும் என்னிடத்தில் சண்டை போட்டதில்லை" என்பார்.

அண்ணனின் கட்சியை இலேசாக எண்ணிவிட வேண்டாம். அதற்கு நெடுங்கால வமிசம் உண்டு. பற்பல கருவிகளைத் தாமே வாசிக்க வல்லவரான ஸ்விங்ளி, சூரிச் நகரத்தில் சீர்திருத்தம் செய்தபோது ஆராதனையினின்று இசையையே நீக்கினார். 1527-இல் அந்நகரப் பேராலயத்தின் ஆர்கன் உடைத்தெடுக்கப்பட்டது. ஸ்காட்லாந்தில் 1807-ஆம் ஆண்டு கிளாஸ்கோ நகரத்துச் சபையொன்றில் ஆர்கன் ஒலித்ததும் குருமார் மன்றம் கூடித் தடுத்தது. அரை நூற்றாண்டு கழிந்து 1863-இல் எடின்பரோவின் கிரேஃபிரையர்ஸ் ஆலயத்தில் ராபர்ட் லீ என்னும் குரு ஆர்மோனியத்தை நுழைத்து, 1865-இல் ஆர்கனும் வைத்தார். அதன்பின் தடை மெல்லத் தளர்ந்தது. அந்நாட்டின் சுயாதீன சபையார் 1883-இல் இசைவளித்தனர். 1900-இல் பிரிந்து நின்ற சிறுபான்மையோர் மறுபடியும் வாய்ப்பாட்டுக்கே திரும்பி, 2010-இல்தான் மீண்டும் கருவிக்குக் கதவு திறந்தார்கள்.

வாதத்தின் சாரம் இது. எருசலேம் ஆலயத்தில் கருவிகள் இருந்தன. சங்கீதப் புத்தகம் 150-ஆம் அதிகாரம் எக்காளம் முதல் கைத்தாளம் வரை அடுக்குகிறது. இதை எவரும் மறுக்கவில்லை. ஆனால் பலிபீடமும் தூபமும் அந்த ஆலயத்தோடு முடிந்தனவே, கருவி மட்டும் முடியவில்லையா என்று ஒரு சாரார் வினவினர். புதிய ஏற்பாட்டில் எபேசியர் நிருபம் 5-ஆம் அதிகாரம் 19-ஆம் வசனம், மனத்திலே இசைத்துப் பாடுமாறு சொல்கிறது. கருவி பற்றி ஒரு சொல்லும் இல்லை. இல்லாதது விலக்கப்பட்டது என்றனர் இவர்கள். இல்லாதது விலக்கப்படாதது என்றனர் மறுசாரார். வேதத்தின் மௌனத்துக்கு என்ன பொருள்? இந்த ஒரு கேள்வியின் மேல்தான் சபைகள் உடைந்தன.

ஒருநாள் அண்ணன் தம் சபையின் பூர்விகக் கதையைச் சொன்னார். அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் லெக்சிங்டனுக்கும் பிராங்க்ஃபர்ட்டுக்கும் நடுவழியில் ரயில் பாதையின் மேல் பிறந்த ஊர் மிட்வே. நடுவழி என்பதே அதன் பெயர். அங்கே, வேதம் பேசுமிடத்துப் பேசி, அது மௌனமாயிருக்குமிடத்து மௌனம் காப்போம் என்னும் கொள்கையுடைய சபை ஒன்று இருந்தது. தாமஸ் காம்பெல், அவர் மகன் அலெக்சாந்தர் காம்பெல் ஆகியோரின் இயக்கத்தைச் சேர்ந்தது அது. அதன் பிரசங்கியார் டாக்டர் பிங்கர்ட்டன். சபையாரின் பாட்டு காதுகொடுத்துக் கேட்கத் தக்கதாக இல்லை. ஆகவே சனிக்கிழமைகளில் பயிற்சிக்குக் கூடினர். சுருதி பிடிக்க ஒருவர் மெலோடியன் கொண்டுவந்தார். சுருதிக்கென்று வந்தது பாட்டோடு இசைத்தது. சனிக்கிழமைக்கென்று வந்தது ஞாயிற்றுக்கிழமையும் இருந்தது. 1859-60 வாக்கில் இது நிகழ்ந்தது. அந்த இயக்கத்தின் சபைகளில் ஆராதனைக்குக் கருவி வைத்ததில் பெயர் பெற்ற முதல் சபை இதுவே. மூப்பர்களில் ஒருவரான ஆதாம் ஹிப்லருக்கு இது பொறுக்கவில்லை. ஓர் இரவு ஆலயத்துக்குச் சென்று, தம் அடிமையான ரூபன் என்பவரை ஜன்னல் வழியே உள்ளே தள்ளி, மெலோடியனை வெளியே எடுக்கச் செய்து, தம் வீட்டுக்குக் கொண்டுபோனார் என்று அந்தச் சபையின் வரலாற்றில் சொல்லப்படுகிறது. சபையார் வேறொரு மெலோடியன் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். அது நிலைத்தது.

அண்ணன் இதைச் சொல்லிச் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். மூப்பர் ஒருவர் இருளில் நின்று பெட்டி திருடும் காட்சி எவருக்கும் சிரிப்பூட்டும். வீட்டுக்குத் திரும்பும் வழியில்தான் எனக்கு அது உறுத்தியது. அடுத்த வாரம் கேட்டேன்: "அண்ணே, ஜன்னல் வழியே உள்ளே போனவர் என்ன ஆனார்?"

"யாரைக் கேட்கிறீர்கள் வாத்தியாரே?"

"ரூபனை."

அண்ணன் வெகுநேரம் பேசவில்லை. "அதை நான் யோசித்ததே இல்லை" என்றார்.

இளைஞர்களே, நீங்கள் அந்த இரவைச் சற்று நினைத்துப் பாருங்கள். கருவி வேண்டும் என்றவர் வெள்ளையர். வேண்டாம் என்றவரும் வெள்ளையர். அன்றிரவு ரூபன் பிடிபட்டிருந்தால் ஆலயத்தில் புகுந்து திருடியவர் என்று குற்றம் யார் மேல் விழுந்திருக்கும்? மெலோடியன் இனிமையாய் இருந்ததா, ஆண்டவருக்கு அது உகந்ததா என்று ரூபனை எவர் கேட்டார்? இக்கதையைச் சொல்லும் நூல்களில் சில அவரைப் பையன் என்கின்றன. அந்நாட்டில் அடிமையை நரைத்த பிறகும் பையன் என்றே கூப்பிடுவது வழக்கம். நரைத்த தலையோடு நம் பாட்டனார், பேரன் வயதுச் சிறுவர்களால் "டேய்" என்று கூப்பிடப்பட்டதைக் கேட்டு வளர்ந்தவர்கள் இந்தக் கூட்டத்தில் இருக்கிறீர்கள். ஆகவே நான் ரூபனை அவர் என்றே சொல்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1860-இல் அமெரிக்க அரசு மக்கள் கணக்கெடுத்தது. அடிமைகளுக்கென்று தனி ஏடு. அதில் உடைமையாளரின் பெயரை எழுதி, அதன் கீழ் அடிமைகளின் வயது, பால், நிறம் இவற்றை மட்டும் குறித்தார்கள். பெயர் எழுதும் வழக்கமில்லை. அரசாங்கம் எழுதாத ஒரு பெயர், ஓர் இசைப்பெட்டியின் கதையில் ஒட்டிக்கொண்டு நம் கைக்கு வந்திருக்கிறது. யாக்கோபின் மூத்த மகனுக்கும் ரூபன் என்றே பெயர். சேஷ்டபுத்திரபாகத்தை இழந்தவன் அவன் என்பது வேதம் வாசித்தோருக்குத் தெரியும்.

அடுத்த வாரம் அண்ணன் தம் வேதப் புத்தகத்தோடு வந்தார். முகம் வாடியிருந்தது. எபேசியர் நிருபத்தைத் திறந்து என்னிடம் நீட்டினார். கருவிக்கு எதிராக அவர் எப்போதும் எடுத்துக்காட்டும் 5-ஆம் அதிகாரம் 19-ஆம் வசனத்தின்மேல் ஒரு விரல். அடுத்த அதிகாரத்தின் 5-ஆம் வசனத்தின்மேல் மற்றொரு விரல். அங்கே, வேலைக்காரர் எஜமானருக்குப் பயத்தோடு கீழ்ப்படியும்படி எழுதியிருக்கிறது. அடிமை வைத்திருந்தோர் காட்டிய வசனங்களில் அதுவும் ஒன்று. இரண்டுக்குமிடையே ஒரு பக்கந்தான். "ஒரு பக்கத்தில் கருவியைச் சொல்லவில்லை, ஆகவே கூடாது என்றோம். மறுபக்கத்தில் அடிமைத்தனம் கூடாதென்று சொல்லவில்லை, ஆகவே இருக்கலாம் என்றோம். மௌனத்துக்கு இரண்டு அர்த்தம் வைத்துக்கொண்டிருந்தோம், வாத்தியாரே" என்றார் அண்ணன்.

அவர் மிகைப்படுத்தவில்லை. தம் அடிமைகளை விடுதலை செய்தவரான அலெக்சாந்தர் காம்பெல்லே, அடிமை வைத்திருப்பதை வேதம் பாவமென்று தீர்க்கவில்லை, ஆகவே அதன் பொருட்டுச் சகோதரர் பிரிதல் ஆகாது என்று 1845-இல் எழுதினார். அவரே 1851-இல், ஆன்மிகச் சிந்தையுடையோரின் ஆராதனையில் கருவி ஒலிப்பது கச்சேரி நடுவே பசுவின் கழுத்துமணி ஒலிப்பதற்கொப்பாகும் என்று எள்ளினார். தேசமே அடிமைத்தனத்தின் பொருட்டு இரண்டாகி, பிற பெருஞ்சபைகள் வடக்கென்றும் தெற்கென்றும் பிளந்தபோது, தங்கள் இயக்கம் பிளவுபடவில்லை என்று இவர்கள் பெருமை கொண்டார்கள். மனிதரை விற்பதன் பொருட்டுப் பிரியாதவர்கள் எதன் பொருட்டுப் பிரிந்தார்கள்? மிஷன் சங்கங்களின் பொருட்டும், இந்தப் பெட்டியின் பொருட்டும்! 1906-ஆம் ஆண்டின் சமயக் கணக்கெடுப்பில் கிறிஸ்துவின் சபைகள் என்னும் கருவியில்லாத பிரிவினர் தனியே எண்ணப்பட்டார்கள். ஏறத்தாழ 1,60,000 பேர். அவர்களில் மூன்றில் இரு பங்கினர், அடிமைத்தனத்தைக் காக்கப் பிரிந்து போரிட்ட தென் மாநிலங்களில் வாழ்ந்தவர்கள். போருக்குப் பின் தென்னாட்டுச் சபைகள் வறுமையில் கிடந்தன. வடக்கே செல்வமுள்ள சபைகள் ஆர்கன் வாங்கின. பிளவுக்குள் இந்தப் புண்ணும் இருந்ததென்று வரலாற்றாசிரியர் சொல்கிறார்கள். பேசாமல் விட்ட வழக்கு, பெட்டியின் மேல் ஏறிக்கொண்டு பேசியிருக்கிறது என்பது என் எண்ணம்.

பிங்கர்ட்டனுக்கும் நியாயம் செய்ய வேண்டும். அவர் மருத்துவர். உள்நாட்டுப் போரில் ஒன்றியப் படையின் பக்கம் நின்று பணி புரிந்தவர். போருக்குப் பின் விடுதலை பெற்ற கறுப்பு மக்களுக்கென அமைந்த அரசுத் துறையில் ஊழியம் செய்தவர். மிட்வேயில் ஆதரவற்ற பெண் குழந்தைகளுக்காக 1847-இல் ஒரு பள்ளி நிறுவப்படுவதற்கும் அவரே முதற்காரணமானவர்களில் ஒருவர். அந்தப் பள்ளியே வளர்ந்து இன்று பல்கலைக்கழகமாய் நிற்கிறது. அக்காலத்தில் அப்பள்ளி வெள்ளைச் சிறுமியர்க்கே உரியதாயிருந்தது. ஜன்னல் வழியே வெளியேறிய அந்த மெலோடியன் பிற்காலத்தில் அக்கல்வி நிலையத்துக்கே வந்து சேர்ந்து, போற்றிப் பாதுகாக்கப்பட்டது.

மறுபக்கத்திலும் உறுதியுள்ள மனிதர்கள் இருந்தார்கள். லெக்சிங்டனில் வேதப் பேராசிரியராயிருந்த மக்கார்வி வாழ்நாள் முழுதும் கருவியை எதிர்த்தவர். தம் சபை 1902-இல் ஆர்கன் வைக்கத் தீர்மானித்ததும் முதிர்ந்த வயதில் அதைவிட்டு வெளியேறினார். 1911-இல் அவர் மறைந்தபோது அவருடைய அடக்க ஆராதனையில் ஆர்கன் வாசித்தார்கள். அதைக் கேட்டு ஆலயத்து நண்பரே தலையில் கைவைத்துக்கொண்டார்.

ஆனால் எங்கள் நால்வரையும் மிகவும் பேசவைத்தவர் வேறொருவர். சாமுவேல் ராபர்ட் காசியஸ் 1853-இல் வர்ஜீனியாவில் அடிமையாய்ப் பிறந்தவர். விடுதலைக்குப் பின் கற்று, பிரசங்கியாகி, ஓக்லஹோமாவில் தோஹீ என்னுமிடத்தில் குடியேறினார். தம் மக்களின் பிள்ளைகளுக்குத் தொழிற்கல்விப் பள்ளி ஒன்றை நடத்தப் பாடுபட்டார். வெள்ளைச் சகோதரரிடம் கடிதம் கடிதமாக நிதி கேட்டார், வந்தது சொற்பம், பள்ளி வேரூன்றவில்லை. நிதிக்காக ஊர் ஊராய் அலைந்த நம் சங்கத்துப் பெரியோர்களுக்கு இது புதுக் கதையன்று. காசியஸ் கருவிக்கு எதிரான கட்சியில் நின்றார். அதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. வேதம் சொன்னபடியே நடக்க வேண்டும் என்ற அதே பிடிவாதத்தை நிறவெறிக்கு எதிராகவும் திருப்பினார். 1920-இல் ஒரு நூல் எழுதி, ஒரே இரத்தத்தால் மனிதரை உண்டாக்கிய தேவனைப் பிரசங்கிப்போர் எங்களை ஏன் தாழ்த்துகிறீர்கள் என்று தம் சொந்தச் சபையாரையே கேட்டார். ஆர்கனை எடுத்துவிடுங்கள் என்ற சொல்லுக்குக் கைதட்டியவர்களில் எத்தனை பேர் இந்தச் சொல்லுக்கும் கைதட்டினார்கள்? 1931-இல் அவர் காலமானார்.

அண்ணன் காசியஸைப் பற்றி அறிந்தபின் தலை நிமிர்ந்தார். தம் சபையைவிட்டு விலகவில்லை, கருவியையும் ஏற்கவில்லை. "குரல் ஏழைக்கும் உண்டு. பெட்டி வாங்கப் பணம் வேண்டும், குரலுக்கு வேண்டாம். அதனால்தான் எனக்கு வாய்ப்பாட்டு பிடிக்கிறது, இனிமேல் மௌனத்தைக் காட்டி வாதாட மாட்டேன்" என்றார். இதை நான் மறுக்க விரும்பவில்லை. நான்கு குரலில் அவர்கள் பாடுவதை ஒருமுறை வாசலில் நின்று கேட்டிருக்கிறேன். என் பெட்டிக்கு அந்த ஒலி வராது.

என் தந்தையாரைப் பற்றிச் சொல்லி இதோடு சேர்க்கிறேன். இளமையில் அவர் ஓர் ஊரின் ஆலயத்தில் ஊழியராயிருந்தார். ஞாயிறுதோறும் கால்மிதிப் பெட்டியைக் குருமனையிலிருந்து தலைச்சுமையாய்க் கொண்டுவந்து வைப்பார். ஆராதனை முடிந்ததும் கொண்டுபோவார். மழையில் தாம் நனைந்து பெட்டியின் மேல் கோணி போர்த்துவார். பதினொரு ஆண்டுகளில் ஒருமுறையும் அதன் கட்டைகளில் அவர் விரல் பட்டதில்லை. தொடக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை; எங்கும் எழுதி ஒட்டவில்லை. நான் ஆசிரியனாகி முதற் சம்பளத்தில் பழைய கைப்பெட்டி ஒன்று வாங்கி வந்தபோது அவரை வாசித்துப் பார்க்கச் சொன்னேன். வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். பிறகு ஒரே ஒரு கட்டையை அமுக்கினார். துருத்தியை அசைக்க மறந்துவிட்டதால் ஒலி வரவில்லை. நான் அசைத்தேன்.

நம் நாட்டில் இதே பெட்டி வேறொரு மன்றத்திலும் நின்றது. 1940 மார்ச் முதல் நாள் தொட்டு அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தை விலக்கி வைத்தது. கமகம் இதில் வராது, சுரத்துக்குச் சுரம் வழுக்கிச் செல்ல இயலாது என்பது குற்றச்சாட்டு. அதில் உண்மை உண்டு. வாசிக்கும் நானே ஒப்புக்கொள்கிறேன். 1970-களின் தொடக்கத்தில் தடை தளர்ந்தது. அந்த முப்பது ஆண்டுகளும் நாடக மேடையும் பஜனையும் கிராமத்துச் சபையும் இதைக் கைவிடவேயில்லை.

தமிழ்க் கிறிஸ்தவத்துக்குள்ளும் இத்தகைய கேள்வியைக் கடுமையாய்க் கேட்டவர் ஒருவர் உண்டு. பரட்டை என்ற பெயரால் அறியப்பட்ட தியோபிலஸ் அப்பாவு, மதுரை அரசரடியிலுள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் இசை கற்பித்தவர், 2005-இல் மறைந்தார். மேனாட்டுப் பாமாலை, கர்நாடகக் கீர்த்தனை என்ற இரண்டோடு நின்றுவிட்ட ஆலய இசைக்குள் கிராமத்து மெட்டுகளைக் கொண்டுவந்து, ஆராதனை முறையையே அம்மெட்டுகளில் அமைத்தார். எந்த இசை பரிசுத்தமானது என்று தீர்மானிப்பவர் யார் என்பதே அவர் கேள்வி. இதை எண்ணும்போது எனக்கொரு சிறு செய்தி நினைவுக்கு வரும். நான் சொன்ன 150-ஆம் சங்கீதத்தில் நடனத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் கருவி, எபிரேய மொழியில் தோஃப் எனப்படுவது, வட்டச் சட்டத்தில் தோல் போர்த்துக் கையால் அடிப்பது. செங்கடலைக் கடந்ததும் மிரியாம் கையில் எடுத்ததும் அதுவே. நம் பழைய தமிழ் வேதாகமத்தில் அது தம்புரு என்றிருக்கிறது. அச்சொல்லைக் கேட்டவுடன் நம் மனத்தில் எழுவது நரம்பு கட்டிய தம்பூரா. சட்டத்தில் தோல் போர்த்த வட்டக் கருவி எதுவென்று இந்த அரங்கத்தில் எவருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை. நம் ஆலயங்கள் பலவற்றுள் அது நுழைய எத்தனை காலம் ஆயிற்று என்பதும் உங்களுக்குத் தெரியும். பெரியவர் உயிரோடிருந்த காலத்தில் இதைச் சொன்னபோது, "அப்போ மிரியாம் அம்மா நம்ம தெருவுக்காரங்க" என்றார்.

எங்கள் குழுவில் பெரியவரும் அண்ணனும் இப்போது இல்லை. ஆலயத்து நண்பர் மகன் வீட்டோடு வெளியூர் போய்விட்டார். கால்மிதிப் பெட்டி அங்கே இடமில்லாமல் என் வீட்டுத் திண்ணையறையில் இருக்கிறது. மேடையில் இருக்கும் கைப்பெட்டி அண்ணனுடையது. அவர் குடும்பத்தார் சபை வழக்கப்படி அதைத் தம் ஆராதனையில் பயன்படுத்த முடியாதாகையால் என்னிடம் தந்தார்கள். இதைச் சங்கத்து இசை வகுப்புக்கென்று இன்று ஒப்படைக்கிறேன். நடுத்தொகுதியில் ஒரு ரீடு சற்று இறங்கியிருக்கிறது. நுனியை மெல்லச் சுரண்ட வேண்டும், மறந்தும் அடியைத் தொடாதீர்கள். துருத்தித் தோலை எலி கடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். கூட்டம் முடிந்ததும் பிள்ளைகள் மேடைக்கு வரலாம். வரிசையாக வாருங்கள், ஒவ்வொருவரும் வாசித்துப் பார்க்கலாம். முதலில் துருத்தியை அசைக்க வேண்டும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.